என்ஜின் ஆறும்வரை

பஸ் கண்ணில் படுவதற்கு முன்பே அது எந்த பஸ் என்று சொல்லிவிடுகிற என் ஆமினாவுக்கு,

"நல்லா இருக்கியா" என்று எழுதத்தான் கை போகிறது. பழக்கதோஷம். நீ இருக்கும் இடத்தில் உனக்கு என்ன குறை இருக்கப்போகிறது? நாங்கள்தான் இங்கே கிடந்து அல்லாடுகிறோம். அது கிடக்கட்டும், உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. வயிற்றில் சேதியை வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வராது என்பது உனக்குத் தெரியாததா?

கார் வாங்கிவிட்டேன்டி.

பழைய கார்தான். வெள்ளை நிறம், டீசல், இடது பக்கக் கதவில் ஒரு சின்ன நசுங்கல். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் நின்றபடி நீயும் நானும் எத்தனை வருஷம் கற்பனையில் கார் ஓட்டியிருப்போம்! நீ அறிவியல் டீச்சர், நான் கணக்கு டீச்சர். ஒரே பள்ளிக்கூடம், ஒரே தெரு, ஒரே பஸ்ஸில் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கல். ஆளுக்குப் பாதி போட்டு ஒரு செகண்ட் ஹேண்ட் கார், போகும்போது நீ ஓட்டுவது, வரும்போது நான் ஓட்டுவது என்று பேச்சு. டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ்கூட எடுத்துவிட்டோம், கார்தான் வரவில்லை. யாராவது ஒரு வண்டியைக் காட்டுவார்கள். நீ பானெட்டைத் திறப்பாய், மூக்கைச் சுருக்குவாய், "இது வேணாம் லாத்தா" என்பாய்.

உன்னைவிட மூன்றே மாதம் மூத்தவள் என்பதற்காக என்னை உன் வீட்டு முறையில் லாத்தா ஆக்கி, அக்கா ஸ்தானத்தில் உட்கார வைத்தவள் நீ. ஸ்தானம் மட்டும்தான் கிடைத்தது. மரியாதை கடைசிவரை கிடைக்கவில்லை.

உனக்கு என்ஜின் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? கோட்டைப்பட்டினத்தில் லாஞ்சு என்ஜின் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவள். கடலுக்குள்ளிருந்து பத்து லாஞ்சு வந்தாலும் உன் வாப்பாவின் லாஞ்சு எது என்று வீட்டுக்குள் இருந்தபடி சொல்வாயாம். பஸ் வராத சாயங்காலங்களில் எனக்குப் பாடம் நடத்துவாய். "கறுப்புப் பொகை வந்தா வண்டி டீசலைத் திங்குது. நீலப் பொகை வந்தா ஆயிலைத் திங்குது. வெள்ளப் பொகை ஓயாம வந்துக்கிட்டே இருந்தா நம்மளயே தின்னுரும்." நான் சிரிப்பேன். எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. நீதான் எப்போதும் பக்கத்தில் இருக்கப்போகிறாயே என்கிற தைரியம்.

சரி, ஏன் இப்போது வாங்கினேன் என்று கேட்பாய். உன் உம்மாவுக்காகத்தான்.

சிறுநீரகம் இனித் தாங்காது என்று நீ இருக்கும்போதே டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தாரே, நீ போன கையோடு டயாலிசிஸ் தொடங்கிவிட்டது. புதன்கிழமையும் சனிக்கிழமையும் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும். உன் தம்பி மலேசியாவிலிருந்து போனில் அழுகிறான். அவன் பொண்டாட்டி கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டில் முடிந்ததைச் செய்கிறாள். கல்யாணமே வேண்டாம் என்று உம்மாவோடு இருந்துவிட்டவள் நீ. உன் இடத்தை யார் நிரப்புவது? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். புதன்கிழமை லீவுக்கு எங்கள் ஹெட்மாஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். வைத்துக்கொள்ளட்டும், அவர் முகம்தானே.

முதலில் பஸ்ஸில்தான் போனோம். டயாலிசிஸ் முடிந்து வரும்போது உம்மாவின் உடம்பு பிழிந்து போட்ட துணியாக இருக்கும். ஒரு நாள் பஸ்ஸிலேயே மயங்கி, பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண்ணின் மடியில் சாய்ந்துவிட்டார்கள். அன்றைக்கு முடிவு செய்தேன், சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று. உன் தம்பியும் நானும் சேர்ந்து வாங்குவதாகப் பேச்சு.

வாங்குகிற வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. கலர், ஏசி, பாட்டுப்பெட்டி எல்லாம் யாருக்கு வேண்டும்?

ஏன் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தூக்கிப்போட்டுக்கொண்டு போனோமே, அந்த வாடகைக் கார் ஒரத்தநாட்டைத் தாண்டி நின்றது. நீ என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாய். முன்சீட்டில் உம்மா. டிரைவர் பானெட்டைத் தூக்கினான், குபுகுபுவென்று வெள்ளையாக ஆவி வந்தது. கண்ணைத் திறக்க முடியாத நிலையிலும் நீ மூக்கைச் சுருக்கினாய். "இனிப்பு வாடை வருது லாத்தா. கேஸ்கட் போயிருச்சு. இனி இதை எடுக்கச் சொல்லாத" என்றாய். உயிருக்குப் போராடுகிறவள் பேசுகிற பேச்சா அது? எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. வேறு வண்டி வந்து உன்னை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தோம். மறுநாள் நீ இல்லை. அந்தத் தாமதத்தால் ஒன்றுமில்லை, முன்னாலேயே வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். நான் நம்பினேன். உம்மா நம்பினார்களா என்று இன்றுவரை தெரியாது.

அதிலிருந்து உம்மா எந்த வண்டியில் ஏறினாலும் முதுகைச் சாய்ப்பதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்ஜினையே கேட்டுக்கொண்டு வருவார்கள். சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், என் கையை இறுக்கிப் பிடிப்பார்கள். டயாலிசிஸ் முடிந்து, கண் சொருகுகிற களைப்பிலும் தூங்குவது கிடையாது. அதைப் பக்கத்தில் இருந்து பார்க்க என்னால் முடியவில்லை ஆமினா.

கறம்பக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் முத்தையா என்று ஒருவர் கார் விற்கிறார் என்று தெரிந்தது. விவசாயி. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். லீவில் வந்தபோது அப்பாவுக்கு வாங்கிக்கொடுத்த வண்டி. இப்போது கிளட்ச் மிதிக்க அவருக்கு மூட்டு இடம் கொடுப்பதில்லை. போனிலேயே நான் படித்துப் படித்துச் சொன்னேன். "நாங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. ராத்திரி நின்னது நின்னபடியே இருக்கட்டும்." உன் பாடம்தான். சூடான என்ஜின் எல்லாம் நல்ல பிள்ளையாகத்தான் நடிக்கும், ஆறிக் கிடக்கிற என்ஜினைக் கிளப்பினால்தான் இருமல், சளி எல்லாம் வெளியே வரும் என்பாயே.

உம்மாவும் வந்தே தீருவேன் என்று நின்றார்கள். "காதால கேக்காம நான் எந்த வண்டியிலயும் ஏற மாட்டேன் கலா." வேறு வழியில்லாமல் ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை வந்ததும், பஸ் பிடித்து, ஆட்டோ பிடித்து, காலையிலேயே போய்ச் சேர்ந்தோம்.

போய்ப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றிவிட்டது. கார் கல்யாணப் பெண்ணாக நிற்கிறது! குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, கதம்ப மாலை போட்டிருக்கிறார்கள். சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பானெட்டில் கையை வைத்தேன். சுட்டது. தூக்கிப் பார்த்தால் என்ஜினையும் விட்டுவைக்கவில்லை. சோப்புப் போட்டுக் கழுவிப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். எங்கேயாவது ஆயில் கசிந்திருந்தால் அந்தத் தடயமும் போயிற்று. வெளுத்ததெல்லாம் பாலாகுமா?

என் கோபம் உனக்குத் தெரியும். "என்னங்க இது? நான் அவ்வளவு சொல்லியும் இப்படிச் சூடு பண்ணி வச்சிருக்கீங்களே? எதை மறைக்கிறதுக்கு?" என்று வாசலிலேயே கத்திவிட்டேன்.

முத்தையாவின் மனைவி தனலெட்சுமிதான் பதில் சொன்னார். "மறைக்கிறதா? என்ன டீச்சர் இப்படிச் சொல்லிப்புட்டீங்க? நம்ம வீட்டுல இத்தனை வருசம் இருந்த வண்டி. அய்யனார்கிட்ட சொல்லாம எப்படிக் குடுக்கிறது? காலைல கோயிலுக்குக் கொண்டுபோயி, கும்புட்டு, இப்பத்தான் கொண்டாந்து நிப்பாட்டினோம்."

"ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு சொன்னது ஞாபகம் இருந்துச்சு டீச்சர்," என்றார் முத்தையா தயங்கியபடி. "ஆனா கோயிலுக்கு ஓட்டிக்கிட்டுத்தானே போகணும்? தள்ளிக்கிட்டா போறது?"

நான் சமாதானம் ஆகவில்லை. விற்கிறவர்களில் கழுவுற மீனில் நழுவுற மீன்களை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்! ஓடாமலே கிடந்த வண்டி, டாக்டர் ஓட்டிய வண்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்த வண்டி என்று எத்தனை கதை! இது சாமி கும்பிட்ட கதை என்று நினைத்தேன். "வாங்க உம்மா, போவோம்" என்று திரும்பினேன்.

உம்மா அசையவில்லை. அந்த வீட்டார் போட்ட நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து காரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என்னிடம் இல்லை, தனலெட்சுமியிடம் பேசினார்கள்.

"எங்க வீட்டுல அவுக லாஞ்சை வித்தப்பவும் இப்புடித்தான். வாங்க வந்த ஆளு கரையில காத்துக்கெடக்காக. இவுக ஒத்தையில லாஞ்சை எடுத்துக்கிட்டு கடலுக்குள்ள ஒரு சுத்துச் சுத்திட்டு வந்துதான் சாவியைக் குடுத்தாக. வந்தவுக ஏசுனாக. இவுக ஒண்ணும் பேசல. ரெண்டு நாளு சோறு எறங்கல."

தனலெட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தக் கதையை நீ எனக்குச் சொன்னதே இல்லையே ஆமினா. உனக்குத் தெரியுமா, இல்லை உம்மா யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததா?

"நீ ஏன் குதிக்கிற?" என்று என் பக்கம் திரும்பினார்கள். "ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்க மாட்டியா? என்ஜின் ஆறட்டும். நமக்கு இன்னைக்கு வேற சோலி என்ன இருக்கு?"

அப்படியாகத்தான், முன்பின் தெரியாத ஒரு வீட்டில், ஒரு கார் ஆறுவதற்காக நாங்கள் நாள் முழுக்கக் காத்திருந்தோம். வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்தோம். நான் சாவியை வாங்கி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். நம்பிக்கை வேறு, சாவி வேறு.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கூத்து நடந்தது. நான் முகம் கழுவிவிட்டு வருகிறேன், முத்தையா ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு திறந்திருந்த என்ஜினை நோக்கிப் போகிறார். எங்களைக் காக்கவைக்கிறோமே என்று பாவம், சீக்கிரம் ஆறட்டும் என்று ஊற்றப் போகிறார்!

"அய்யய்யோ, ஊத்தாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் வாளியைக் கீழே வைத்துவிட்டார். சூட்டில் இருக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விட்டுவிடும் என்று விளக்கினேன். அவர் முகம் வெளிறிப்போயிற்று. எனக்கு அப்போது இரண்டு விஷயம் ஒன்றாகத் தோன்றியது. இந்த மனுஷன் ஏமாற்றுகிறவர் இல்லை. ஆனால் தெரியாமலே என்ஜினைக் கெடுத்து வைத்திருக்கக்கூடியவர்.

அப்போதுதான் உன் கேள்வி ஞாபகம் வந்தது. வண்டியில் ஏதாவது பிரச்சினை உண்டா என்று கேட்டால் உலகத்தில் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள், அப்படிக் கேட்காதே, கடைசியாக எங்கே நின்றது என்று கேள் என்பாய். கேட்டேன்.

"இந்த வண்டி கடைசியா எங்கங்க நின்னுச்சு?"

முத்தையா மனைவியைப் பார்த்தார். "சொல்லுங்க, கேக்குறாங்கள்ல," என்றார் தனலெட்சுமி.

"போன கோடையில மகனை ஏத்திவிட திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போனோம் டீச்சர். திரும்பி வரையில கீரனூரு தாண்டி, சூடு காட்டுற முள்ளு செவப்புக்குப் போயிருச்சு. பொகை வேற. ஓரமா நிப்பாட்டி, குடிக்க வச்சிருந்த தண்ணியை உள்ள ஊத்திட்டு, ரொம்ப நேரம் கழிச்சு மெதுவா ஓட்டிக்கிட்டு வந்தோம். ஓஸ் பைப்பு வெடிச்சிருக்குன்னு மெக்கானிக்கு மாத்துனாரு. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. நாங்க மறைக்கல டீச்சர். வந்த ஆளுக எல்லாம் மைலேஜ் எவ்வளவுன்னுதான் கேட்டாக. இதை யாரும் கேக்கல."

அதாவது, ஒரு தடவை கொதித்த என்ஜின். கொதித்த என்ஜினில்தானே கேஸ்கட் போகும். உம்மாவைப் பார்த்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பானெட் திறந்திருந்த காரைப் பார்த்த பார்வையை மட்டும் அவர்கள் எடுக்கவில்லை.

மத்தியானம் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று தனலெட்சுமி ஒரே பிடிவாதம். உம்மாவுக்கு உப்பு ஆகாது, தண்ணீர்கூட அளந்துதான் என்று நான் மெல்லச் சொன்னேன். அவர் அடுப்படிக்குப் போனார். இலை போட்டபோது உம்மாவுக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில் புடலங்காய்க் கூட்டு வந்தது. "உப்புப் போடுறதுக்கு முந்தியே இதை எடுத்து வச்சுட்டேம்மா. சப்புன்னுதான் இருக்கும்," என்றார். உம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "என் மக வச்ச மாதிரி இருக்கு," என்றார்கள். கடைசி நாட்களில் நீ அவர்களுக்கு உப்பில்லாமல் சமைத்ததைச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்குப் பயம் அதிகமாகிவிட்டது. ஏனென்றால் அந்த மனுஷர்களை எனக்குப் பிடித்துவிட்டது. ஆளைப் பிடித்துப்போனால் என்ஜின் சத்தம் காதில் விழாது என்று நீ எச்சரித்திருக்கிறாய். சந்தனத்தையும் மாலையையும் உப்பில்லாத கூட்டையும் பார்த்துவிட்டு, ஓட்டை என்ஜினைத் தலையில் கட்டிக்கொண்டு, உம்மாவை நடுரோட்டில் இன்னொரு தடவை நிற்க வைத்துவிடுவேனோ? வேண்டாம் என்று இவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிற தெம்பு எனக்கு வருமா? நீ இருந்தால் மூக்கைச் சுருக்கி ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாய். அன்றைக்கு உன்னை நினைத்த மாதிரி நான் என்றைக்குமே நினைத்ததில்லை.

வெயில் தாழ்ந்தது. பானெட்டுக்குள் கையை வைத்தேன், இரும்பு ஜில்லென்று இருந்தது.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆயில் அளக்கிற கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் கறுப்பாகத்தான் இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்திருக்கும், அது இல்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே செங்காவித் தண்ணீர். கூலன்ட் ஊற்றாமல் போர்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். "அதுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கா?" என்று முத்தையா கேட்டார். மேலே எண்ணெய் மிதக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். துருதான் இருந்தது, எண்ணெய் இல்லை.

இனி ஸ்டார்ட் பண்ணவேண்டும். உம்மா எழுந்து காரின் பின்பக்கம் போய்ப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

சாவியைத் திருப்பினேன். ஒரு முறுக்கிலேயே பிடித்துவிட்டது. அடுத்த நொடி, கண்ணாடியில் பார்க்கிறேன், பின்னால் வெள்ளையாகப் புகை! உம்மாவின் கால் தெரியாத அளவுக்குப் புகை.

என் கை சாவியிலேயே ஒட்டிக்கொண்டது. ஒரத்தநாட்டு ரோடு வந்துவிட்டது ஆமினா. உன் தலை மடியில் கனத்தது. அணைத்துவிட்டு, உம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. முத்தையா வாய்க்குள் என்னவோ முனகினார், சாமியைத்தான் கூப்பிட்டிருப்பார்.

"அணைக்காத!" என்று பின்னால் இருந்து உம்மாவின் குரல். "நிக்கிதான்னு பாப்போம்."

நீயும் அதைத்தான் சொல்வாய். வெள்ளைப் புகை வந்தால் பயப்படாதே, ஓய்கிறதா என்று பார். பார்த்துக்கொண்டே இருந்தேன். புகை மெலிந்தது. வேப்பமரத்தின் அடித்தூர் தெரிந்தது, அப்புறம் உம்மாவின் கால் தெரிந்தது. கடைசியில் ஒன்றுமே இல்லை. ஆறிக் கிடந்த டீசல் என்ஜின் முதல் மூச்சை விட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இறங்கிப் போய்ப் பார்த்தால், உம்மா தன்னுடைய வெள்ளைத் துப்பட்டியின் ஓரத்தைப் புகைக்குழாய்க்கு நேரே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்! தொழுகைக்குக்கூட வேறு துப்பட்டி மாற்றுகிற சுத்தக்காரி உன் உம்மா. துணியில் மங்கலாக ஒரு சாம்பல் கறை மட்டும்தான் இருந்தது. எண்ணெய்ப் பொட்டு ஒன்றுகூட இல்லை. அதை மூக்கில் வைத்து முகர்ந்தார்கள், ரொம்ப நேரம் முகர்ந்தார்கள்.

"இனிப்பு வாடை இல்ல புள்ள," என்றார்கள். நான் அவர்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஓடிக்கொண்டிருந்த ஒரு டீசல் வண்டிக்குப் பின்னால் நின்று இரண்டு பேரும் அழுதோம். கார் பார்க்க வந்தவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று தெரியாமல், கூடவே தனலெட்சுமியும் அழுதார்.

கூலன்ட்டே இல்லாத வண்டியில் இனிப்பு வாடை எப்படி வரும் என்று திட்டாதே, அழுது முடித்துவிட்டு மிச்சச் சோதனையையும் செய்தேன். ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றி, கவிழ்த்து அதன் மேலேயே வைத்தேன். என்ஜினுக்குள் தேய்மானம் இருந்தால் காற்று முட்டி மூடி துள்ளி விழும் என்பாயே. "மூடி ஆடுனா நாம ஆடக் கூடாது லாத்தா, பேசாம வீட்டுக்கு வந்துரணும்." மூடி லேசாக நடுங்கியது, விழவில்லை. ரேடியேட்டருக்குள் குமிழி வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. அப்படியும் என் கண்ணை நானே நம்பவில்லை. மறுநாள் முத்தையா ஓர் ஆளை வைத்து வண்டியை அறந்தாங்கிக்கு அனுப்பினார். நம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற மெக்கானிக் கருவி வைத்துக் கேஸ்கட்டைச் சோதித்து, ஒன்றும் இல்லை என்றார். ரேடியேட்டரைத் திட்டிக்கொண்டே கழுவி, கூலன்ட் ஊற்றிக் கொடுத்தார். வண்டி ஊருக்குத் திரும்பியது, அப்புறம்தான் பேச்சை முடித்தோம்.

வண்டியை முறைப்படி வாங்கிக்கொள்ள நான் மறுபடி அவர்கள் வீட்டுக்குப் போனேன். தனலெட்சுமி பானெட்டைத் தடவி, "போயிட்டு வாத்தா," என்றார். முத்தையா பக்கத்தில் வரவில்லை. மாட்டுக்கு வைக்கோல் உதறுகிறவர் மாதிரி அங்கிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். நான் கியர் போட்டபோதுதான் குரல் வந்தது. "எங்கயாச்சும் நின்னுச்சுன்னா போன் பண்ணுங்க டீச்சர். எங்க நின்னாலும் நான் வாரேன்."

போன புதன்கிழமைதான் உம்மாவை முதல் தடவையாக அதில் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். போகும்போது வழக்கம்போலத்தான் உட்கார்ந்திருந்தார்கள். நிமிர்ந்த முதுகு, கைப்பிடியில் கை, காது என்ஜினில். டயாலிசிஸ் முடிந்து, வெயில் இறங்கியதும் கிளம்பினோம். வல்லத்திராக்கோட்டை தாண்டும்போது, "உம்மா, ஏசியைக் குறைக்கவா?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். பதில் இல்லை. வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

உம்மா தூங்கிக்கொண்டிருந்தார்கள்டி. தலை கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது. கை கைப்பிடியை விட்டு மடியில் விழுந்து கிடந்தது. மெலிதாகக் குறட்டை வேறு.

நீ போன பிறகு இப்போதுதான் ஒரு வண்டிக்குள் உம்மா கண்ணை மூடிப் பார்க்கிறேன். அறந்தாங்கி வரைக்கும் நான் ஹாரன் அடிக்கவில்லை. பள்ளம் பார்த்து, மேடு பார்த்து, முட்டை வண்டி ஓட்டுகிறவள் மாதிரி ஓட்டினேன். பின்னால் வந்தவன் எல்லாம் திட்டிக்கொண்டு போனான். போகட்டும். வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியும் என்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் சத்தம் நின்று, முழித்துவிடுவார்கள். உன் தம்பி பொண்டாட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பேசாதே என்று சைகை காட்டினேன். டீசல் வீணாகிறது என்று நீ திட்டுவது எனக்குக் கேட்டது. திட்டிக்கொள். அந்த என்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது, உம்மா தூங்கிக்கொண்டிருந்தார்கள், நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழாமல் உட்கார்ந்திருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து உம்மா கண் விழித்தார்கள். வண்டி நகரவில்லை என்று தெரிந்ததும் சட்டென்று என் கையைப் பிடித்தார்கள்.

"எங்க நின்னுச்சு கலா?"

"நம்ம வீட்டு வாசல்ல உம்மா," என்றேன்.

அடுத்த மாதம் உனக்கு வருஷ ஃபாத்திஹா ஓதுகிறார்கள். நீ அடங்கியிருக்கிற கோட்டைப்பட்டினத்துக்கு உம்மாவை நான்தான் கூட்டிப்போவேன். காலையில் ஆறிய என்ஜினைக் கிளப்பி, புகை பார்த்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன். வழியில் எங்கும் நிற்க விடமாட்டேன். கடல் தெரிகிற இடத்தில் நானே நிறுத்துவேன். உம்மா அதற்குள் தூங்கிப்போயிருந்தால் எழுப்ப மாட்டேன், என்ஜினையும் அணைக்க மாட்டேன். வருவது எந்த வண்டி என்று நீ சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்.

இப்படிக்கு,
பேருக்கு மூத்தவளான உன் லாத்தா,
கலா